வேன் வாங்கக் கடன் கிடைக்கிறது. சாவியை யாரிடம் கொடுப்பது?

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே விடிகாலை ஐந்தேகாலுக்கே வேன்களும் பேருந்துகளும் வரிசை கட்டிவிடும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மாத்தூர், வல்லம், வைப்பூர், பண்ருட்டி (கடலூர்ப் பக்கத்துப் பண்ருட்டி இல்லை, இது நம் பண்ருட்டி) என்று அவை பிரிந்து போகும். போன மாதம் ஒருநாள் அந்த நேரத்தில் ஒரு வேனின் ஓட்டுநர் இருக்கையில் அதன் உரிமையாளரே உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் வரவில்லையாம். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கம்பெனிக் காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, மடியில் வைத்திருந்த டைரியில் டீசல் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வயது 41. ஐ.டி.ஐ. படித்தவர். ஒரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, பழைய வேன் ஒன்றை வாங்கி ஓட்டத் தொடங்கினார். இப்போது நாலு வேன். ஒரு வாகன உதிரிபாக ஆலையில் தோட்ட வேலைக்கும் துப்புரவு வேலைக்குமாக 22 பேரை அனுப்பும் ஒப்பந்தமும் இருக்கிறது. "பேரு மட்டும் போடாதீங்க அக்கா. நான் எந்த ஊர், ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்ல தெரிஞ்சா பேச்சு மாறிடும்" என்றார். 'எந்தப் பக்கம்' என்று அவர் சொன்னது காலனியை. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆலை வாசலில் அது இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது.

மாதத்தில் நாலு தேதிகள் அவரைத் துரத்துகின்றன. 7-ஆம் தேதிக்குள் கூலி. 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு. 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி வரி. பத்துப் பேர் வேலை செய்தாலே இ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் பி.எஃப். என்பது சட்டம். 22 பேர் வைத்திருக்கிறவருக்கு இரண்டும் உண்டு. கம்பெனியிலிருந்து பணம் எந்தத் தேதியில் வரும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அறுபது நாளிலும் வரும், தொண்ணூறு நாளிலும் வரும்.

இந்த நாலு தேதியில் ஒன்று தவறினால் மற்றது தானாகத் தவறும். 11-ஆம் தேதிக் கணக்கைப் போடாவிட்டால் அந்த வரிக்கான வரவு கம்பெனியின் கணக்கில் ஏறாது. ஏறாத பில்லைக் கம்பெனிக் கணக்குப் பிரிவு ஓரமாக வைத்துவிடும். பில் நின்றால் 7-ஆம் தேதிக் கூலிக்குத் தண்டல்காரரிடம் போக வேண்டும். ஒரு மாதம் அவர் அப்படிப் போயும் இருக்கிறார். காரணம் பணம் இல்லாதது கூட இல்லை. 10, 11 ஆகிய இரண்டு நாளும் அவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார், கணினி முன்னால் உட்கார ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் கணக்கெழுதுவது அவர் மனைவி. பிளஸ் டூ படித்தவர். வருகைப் பதிவை எடுத்து எழுதுவது, ஓட்டுநர்களுக்கு முன்பணம் கொடுத்ததைக் குறிப்பது, ஆதார் நகல்களைக் கோப்பில் வைப்பது எல்லாம் அவர்தான். சம்பளம் கிடையாது. தலித் தொழில்முனைவோர் என்று நாம் ஒருவரைக் காட்டும்போதெல்லாம் அவருக்குப் பின்னால் கூலியில்லாத ஒரு பெண் ஊழியர் இருக்கிறார். மானியம் கூடுதலாகக் கிடைக்கும் என்று சில இடங்களில் நிறுவனமே அவர் பெயரில்தான் இருக்கும். காசோலையில் கையெழுத்துப் போடுவார். எதற்குக் கையெழுத்து என்று அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தனி ஆளாக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவரைப் பாராட்டுவது நம் வழக்கம். நானும் பாராட்டித்தான் எழுதியிருப்பேன், அவரிடம் தோட்ட வேலை செய்யும் ஒரு அம்மாவை அன்றே பார்க்காமல் இருந்திருந்தால். அந்த அம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கோளாறு. இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனார். இரண்டு மாதப் பங்களிப்பு ஏறவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொழிலாளியின் பங்கு முக்கால் சதவீதம், முதலாளியின் பங்கு மூன்றேகால் சதவீதம். கூலியில் பிடித்தாயிற்று. கட்டவில்லை. எடுத்துத் தின்றுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அந்த 15-ஆம் தேதி ஒரு வண்டிக்குத் தகுதிச் சான்று எடுக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்றிருந்தார். அடுத்த 15-ஆம் தேதி வேறு ஏதோ. பிடித்த பணத்தைக் கட்டாதது சட்டப்படி குற்றம் என்பது அவருக்கும் தெரியும். அந்த அம்மா அவருக்குச் சித்தி முறை. கோபித்துக்கொள்ளவில்லை. தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிச் செலவு செய்தார். வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாத முதலாளிக்கு அதன் செலவைக் கட்டுவது இந்த மாதிரிச் சித்திகள்தான்.

"ஆள் வெச்சிக்க வேண்டியதுதானே தம்பி?" என்று கேட்டேன்.

"யாரை அக்கா வெக்கிறது? வெளியாளை வெச்சா நம்ப முடியல. நம்மாளை வெச்சா கேக்க முடியல" என்றார்.

இந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போகலாம்.

தமிழில் 'ஏவல்' என்று ஒரு சொல் உண்டு. கட்டளையிடுவதும் ஏவல்தான், அந்தக் கட்டளையைச் செய்வதும் ஏவல்தான். இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் நம் முன்னோருக்கு வாய்த்தது இரண்டாவது பொருள் மட்டும். மிராசு கிராமங்களில் அவர்கள் படியாட்களாக இருந்தார்கள். 1891-ல் இந்த மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், அந்த மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மண்ணில்கூட அவர்களுக்கு உரிமையில்லாததை அதில் பதிந்தார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனதும், அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்ததும் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் புதிய செய்தி இல்லை. நிலம் இருந்தவர்கள் தொழிற்பேட்டைகள் வந்தபோது விற்றார்கள். விற்ற பணத்தில் பேருந்து, பொக்லைன், தண்ணீர் லாரி வாங்கினார்கள். ஊராட்சிச் செல்வாக்கோடு ஒப்பந்தமும் வாங்கினார்கள். நிலம் இல்லாதவர்கள் அந்த ஆலைகளுக்குப் புல் வெட்டப் போனார்கள். படியாளின் பேரன் 22 பேருக்கு வேலை சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வேலை சொல்வதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மற்றவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எல்லாக் கடையிலும் தாங்களே உட்கார்ந்திருக்கவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேருகிறவன் அடுத்தாள் ஆவான். பிறகு மேலாளாகி, மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசிக் கப்பலேறுவான். முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார், ரங்கூனில் கையெழுத்துப் போடும் அதிகாரம் மேலாளிடம் இருக்கும். தவணை முடிந்து வந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். நாடார்களுக்கு உறவின்முறையும் மகமையும் இருந்தன. விற்பனையில் ஒரு சிறு பங்கைப் பொதுவில் போட்டு அதில் பேட்டை கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள், இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். கணக்கன் யார், கடனுக்குச் சாட்சி யார், தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது என்பதற்கெல்லாம் அவர்களுக்குச் சொந்தச் சாதிக்குள்ளேயே பதில் இருந்தது. நாடார்கள் சாதிக் கொடுமையை அனுபவித்தவர்கள், அதிலிருந்து மீளவே அந்த அமைப்பைக் கட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வணிகம் நடத்தும் வித்தை இப்படி வீட்டுக்குள் காதோடு காதாகச் சொல்லப்படும் மந்திரமாக இருந்திருக்கிறது. குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னதாகக் கதையுள்ள ராமானுஜர் பிறந்தது இதே ஸ்ரீபெரும்புதூரில்தான். கணக்கு மந்திரத்தை எந்தக் கோபுரத்திலிருந்தும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

அம்பேத்கருக்கே இந்த இடத்தில் அடி விழுந்திருக்கிறது. பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் பம்பாய் திரும்பிய பிறகு, பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் சிறு நிறுவனம் ஒன்றை அவர் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், அந்தத் தொழிலுக்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். 1918-ல் சிடன்ஹாம் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். அவர் தொழில் நடத்தப் பார்த்த கதையைப் பேசுகிறவர்கள் குறைவு. நம் வேன்கார் "கேட்ல தெரிஞ்சா" என்று சொல்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய வடிவம் அது.

அரசுத் திட்டங்களில் பணம் இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. 2016-ல் வந்த 'ஸ்டாண்ட் அப் இந்தியா' ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் கொடுக்க வேண்டும் என்றது. 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி, வட்டியில் 6 சதவீதச் சலுகை. சொந்தப் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்ற 2012-ஆம் ஆண்டு ஆணையும் இருக்கிறது. பல ஆண்டுகளில் அது இலக்கின் பாதியைக்கூடத் தொட்டதில்லை என்பது ஒருபுறம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை இருப்பவை பெரும்பாலும் தனியார் ஆலைகள், அவற்றை அந்த ஆணை கட்டுப்படுத்தாது என்பது இன்னொருபுறம். இவை எல்லாம் வேன் வாங்கித் தரும், லேத்து வாங்கித் தரும். வேனை வாங்கிய முதல் ஆறு மாதம் அதன் கணக்கை எழுதும் ஆளுக்குப் பாதிச் சம்பளம் தருவோம் என்று எந்தத் திட்டமும் சொல்லி நான் பார்க்கவில்லை. தாட்கோ பயிற்சிகளில் திட்ட அறிக்கை எழுதச் சொல்லித் தருகிறார்கள். கடன் வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு வகுப்பு வேண்டும்.

அவர் சொன்ன 'வெளியாளை நம்ப முடியல' என்பதற்கு வருகிறேன். அவரிடம் முன்பு ஓர் ஓட்டுநர் இருந்தார், ஊர்த்தெருக்காரர். நல்ல ஓட்டுநர், குடிக்க மாட்டார், வண்டியைத் தன் வண்டி போலப் பார்ப்பார். ஆனால் இரவு வண்டியை விட்டதும் சாவியை வீட்டில் கொண்டுவந்து கொடுக்க மாட்டார். முக்குட்டு டீக்கடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். காலையில் அங்கிருந்தே எடுத்துக்கொள்வார். முதலாளி வீட்டு வாசலை மிதிக்காமலே ஒன்றரை வருஷம் வேலை பார்த்திருக்கிறார். சம்பளத்தையும் டீக்கடையில்தான் வாங்கிக்கொண்டார். "திட்டவும் இல்ல, எதுவும் சொல்லவும் இல்ல. அவரைச் சூப்பர்வைசர் ஆக்கலாம்னு இருந்தேன். வீட்டுக்கு வராத ஆள்கிட்ட வீட்டுக் கணக்கை எப்படிக் கொடுக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இதற்கு நேர்மாறாக, ஆதிக்கச் சாதி நண்பர் ஒருவரைப் பங்குதாரராகக் காட்டி, கம்பெனி வாசலுக்கு அவரை அனுப்பிவிட்டுத் தான் பின்னால் நிற்கிறவர்களும் உண்டு. அசீம் பிரகாஷ் என்ற ஆய்வாளர் பல மாநிலங்களில் தலித் தொழில்முனைவோரைச் சந்தித்து 'தலித் கேப்பிட்டல்' என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். சந்தைக்குள் நுழையும்போது சாதி எப்படி வழி மறிக்கிறது என்பது அதில் விரிவாக இருக்கிறது. முகத்தையே இன்னொருவரிடம் கொடுப்பதும் ஒருவகை வேலைப் பகிர்வுதான். லாபத்தில் பங்கு போவதோடு அது நிற்பதில்லை, வாடிக்கையாளரின் பழக்கமும் அந்த முகத்தோடு போய்விடும். பங்காளி பிரியும் நாளில் ஒப்பந்தமும் பிரியும்.

'நம்மாளைக் கேக்க முடியல' என்பது வேறு சிக்கல். அவருடைய மூன்று ஓட்டுநர்களில் ஒருவர் தாய்மாமன். மாமா ஓட்டும் வேன் மட்டும் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் குறைவாக ஓடுகிறது. டீசல் எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும். கேட்டால் அம்மா அழும். இதற்கு உறவை நீக்குவது வழியில்லை. நமக்கு நம்பிக்கையாக ஆள் கிடைக்கும் ஒரே இடம் உறவுதான். உறவையும் கணக்கையும் பிரிப்பதுதான் வழி.

வெளியூர் உதாரணம் ஒன்று. மும்பை குர்லாவில் இருந்த கமானி ட்யூப்ஸ் ஆலையை 1988-ல் உச்ச நீதிமன்றம் தொழிலாளர்களிடமே ஒப்படைத்தது. அவர்களால் ஓட்ட முடியாமல் கடன் மேல் கடன் ஏறி, வழக்குகள் நூற்றைத் தாண்டிய நிலையில் கல்பனா சரோஜ் என்ற தலித் பெண்ணிடம் போனார்கள். விதர்பாவில் காவலர் மகளாகப் பிறந்து, பன்னிரண்டு வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, அதிலிருந்து மீண்டு, பம்பாய்க்கு வந்து தையல் வேலை பார்த்தவர் அவர். உலோகக் குழாய் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் முதலில் செய்த காரியம், ஒவ்வொரு துறையிலும் தெரிந்த ஆளாகப் பார்த்துப் பத்துப் பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. 2006-ல் அந்த நிறுவனத்தின் தலைவரானார், 2013-ல் பத்மஸ்ரீ. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய துணிச்சலைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பத்துப் பேர்தான் முக்கியமாகப் படுகிறார்கள்.

நாலு வேன் வைத்திருக்கிறவர் பத்துப் பேர் குழுவுக்கு எங்கே போவார்? சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் இதற்கு ஒரு விடை பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் நோக்கியாவில் வேலை பார்த்தவர். 2006-ல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட அந்த ஆலை வீட்டுக்கு அனுப்பிய பெண்களில் ஒருவர். பிறகு தொலைதூரக் கல்வியில் பி.காம். முடித்து, டேலி கற்றுக்கொண்டு, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நாலு வருஷம் இருந்தார். இப்போது மூன்று சிறு ஒப்பந்தக்காரர்களுக்குச் சேர்த்துக் கணக்கு பார்க்கிறார். நம் வேன்கார் ஒருவர், கேன்டீனுக்குக் காய்கறி போடுகிறவர் ஒருவர், மரப்பெட்டி செய்து கொடுப்பவர் ஒருவர். மூவரும் காலனிக்காரர்கள், மூன்று ஊர். தனித்தனியாக ஆள் வைக்க யாராலும் முடியாது. சம்பளத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள், அறை வாடகையையும்.

"வேலையக் குடுத்தாரு அண்ணன். ஓடிபிய மட்டும் குடுக்கல" என்று அவர் சிரிக்கிறார். ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும்போது வரும் ரகசிய எண் உரிமையாளரின் போனுக்குப் போகும். உரிமையாளர் வேன் ஓட்டிக்கொண்டிருப்பார். ஓரம் கட்டி எண்ணைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி அனுப்ப வேண்டும். அந்த எண் பதிவு செய்த மின்னஞ்சலுக்கும் வரும், அலுவலகத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து அதைப் பதிந்துவிட்டால் போதும் என்று அவரைச் சம்மதிக்க வைக்க நாலு மாதம் ஆயிற்றாம். இப்போது தாக்கல் செய்வதற்கு முந்தின நாள் மாலை மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இவர் பார்த்துச் சரி என்றால் மறுநாள் போய்விடும். பணம் எடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை, அதை அவரே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். "தேதி என்னுது, காசு அவங்களுது" என்பது அவர் கணக்கு.

அவர் வந்து செய்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வேண்டும். மூவருக்கும் உத்யம் பதிவு எடுத்து, பில்லில் அந்த எண்ணை அச்சடித்தார். 2006-ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு வாங்குகிறவர் 45 நாளுக்கு மேல் பணம் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்கத் தனி மன்றம் உண்டு. ஒப்பந்தம் போய்விடும் என்று பயந்து யாரும் புகார் கொடுப்பதில்லை. ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள வருமான வரித் திருத்தப்படி, அப்படி நிலுவை வைத்த தொகையை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். அதனால் உத்யம் எண் உள்ள பில்லைக் கம்பெனிக் கணக்குப் பிரிவே, அதுவும் மார்ச் நெருங்கும்போது, கொஞ்சம் முன்னால் தள்ளுகிறது. சண்டை போடாமல் கிடைத்தது இது. வேன் ஓட்டிக்கொண்டே இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மாமா விஷயத்துக்கும் வழி பிறந்தது. எல்லா வேனுக்கும் டிரிப் ஷீட். கிளம்பும்போதும் வந்ததும் மீட்டர் எண், போட்ட டீசல். மாதக் கடைசியில் நாலு வண்டியின் மைலேஜையும் ஒரே தாளில் எழுதி ஓட்டுநர்கள் நால்வருக்கும் காட்டுகிறார்கள். யாரும் மாமாவைக் கேட்கவில்லை. தாள் கேட்டது. மாமா ஒரு வாரம் பேசாமல் இருந்தார், அடுத்த மாதம் மைலேஜ் ஏறியது. அதோடு, மூத்த ஓட்டுநருக்கு 2,000 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவு செய்ய அனுமதி. பஞ்சர், பெல்ட், அவசரத்துக்கு மாற்று ஓட்டுநரின் படி. ரசீதை வைத்தால் போதும். இதற்கு முன்னால் 300 ரூபாய் பஞ்சருக்கும் முதலாளிக்குத்தான் போன். 

இவ்வளவும் நல்ல செய்தி. நான் அவரோடு சண்டை போட்டது வேறு இடத்தில்.

அந்த 22 பேரில் ஆறு பெண்கள் கழிப்பறை சுத்தம் செய்கிறவர்கள். ஆறு பேரும் அருந்ததியர். தோட்டத்துக்கும் அலுவலக அறைகளுக்கும் போகிறவர்களில் ஒருவர்கூட அருந்ததியர் இல்லை. மேற்பார்வைக்கு இருப்பவர் இவர் பங்காளி மகன். "யார் எந்த வேலைன்னு நீ பிரிச்சியா, இல்ல ஊரு பிரிச்சுதா?" என்று கேட்டேன். "அவங்கதான் அக்கா அதுக்கு வர்றாங்க" என்றார். ஆண்டைகளும் இதைத்தான் சொன்னார்கள். சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்று 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதினார். அவர் படத்தை மாட்டியிருக்கும் அலுவலகத்தில் வருகைப் பதிவேடு அந்த அடுக்கின்படியே இருந்தால் நாம் யாரைக் குறை சொல்வது? பட்டியலினத்துக்குள் சண்டை மூட்டுகிறேன் என்று என்னை ஏசுகிறவர்கள் ஏசட்டும்.

இதில் உயிரும் இருக்கிறது. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூன்று பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். கழிவுநீர்த் தொட்டியில் ஆளைப் பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஒப்பந்தக்காரரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார். ஆலையில் ஒருவர் போன் செய்து "எஸ்.டி.பி. அடைச்சிருக்கு, ரெண்டு பேரை அனுப்புங்க" என்று சொன்னால், அந்த நேரத்தில் போனை எடுக்கிறவர் யாரோ அவர்தான் அன்றைக்கு முதலாளி. அனுப்ப முடியாது, எந்திர வண்டியைக் கூப்பிடுங்கள் என்று மறுக்கும் அதிகாரமும் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 2,000 ரூபாய் அனுமதியைவிட இது முக்கியம். வேலையை ஒப்படைக்கலாம், பழியை ஒப்படைக்க முடியாது என்று இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டீ சொன்னார்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது, கழிப்பறை வேலையை வாரம் ஒருமுறை எல்லோருக்கும் சுற்றி வரும்படி மாற்றியிருந்தார். அதில் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டார், அவரும் நம் தெருக்காரர்தான். இன்னொருவர் சுற்று வரும் வாரத்தில் மட்டும் உடம்புக்கு முடியவில்லை என்கிறார். அந்த ஆறு பேரில் பத்தாவது வரை படித்த ஒருவரிடம் வருகைப் பதிவேடும் பொருள் இருப்பும் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. பங்காளி மகன் கோபித்துக்கொண்டு மரப்பெட்டிக்காரரிடம் போய்விட்டான், அங்கே நன்றாகத்தான் வேலை பார்க்கிறானாம். பதிவேடு வைத்திருக்கும் பெண் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். சோப்பு எண்ணெய் வாங்கும் கணக்கும் தன்னிடம் வருமா, அல்லது கையெழுத்து வாங்க மட்டும்தானா என்று. இவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

சித்தியின் இ.எஸ்.ஐ. இப்போது ஒழுங்காக ஏறுகிறது. அவர் செலவழித்த பணத்தில் பாதியை இவர் கொடுத்திருக்கிறார், மீதியைத் தவணையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மனைவிக்கு மாதச் சம்பளம் என்று கணக்கில் எழுதச் சொன்னது சுங்குவார்சத்திரத்துப் பெண்தான். எழுதியாயிற்று. கைக்கு வந்ததா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "எழுதியிருக்காரு" என்றார்.

ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்கப்பட வேண்டும். இந்த முறை கம்பெனிக்குத் தான் மட்டும் போகாமல், கணக்கு பார்க்கும் பெண்ணையும் பதிவேடு பார்க்கும் பெண்ணையும் கூட்டிப் போவதாக இருக்கிறார். கூலி உயர்வை யார் பேசுவது என்று இருவருக்கும் இப்போதே வாக்குவாதம் நடக்கிறது.